அப்பா ஒதுக்கி வைத்த சின்ன மாத்திரை

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளின் படத்தையும் இணைத்திருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

"அப்பாவுக்கு 58 வயது. லுங்கித் தறி நெய்கிறவர். நுரையீரல் காசநோய்க்கு மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். இருமல் நின்றுவிட்டது, எடையும் கூடியிருக்கிறது. போன வாரம் ஊரிலேயே ஒரு லேபில் கல்லீரல் டெஸ்ட் எடுத்தோம். எஸ்.ஜி.பி.டி. 34, நார்மல் என்று வந்தது. மனசு கேட்காமல் இரண்டு நாள் கழித்து வேலூரில் இன்னொரு லேபில் எடுத்தால் 47, அதிகம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மாத்திரை ஈரலைக் கெடுக்கிறது, நிறுத்திவிடு என்கிறார் பெரியப்பா. பக்கத்து வீட்டில் பார்மசி படிக்கும் தம்பி, நொதிக்குத் துணைக்காரணி இல்லாவிட்டால் வேலையே செய்யாது அக்கா, பி காம்ப்ளெக்ஸை டபுளாகக் கொடுங்கள் என்கிறான். அப்பாவோ, இத்தனை மாத்திரை எப்படி விழுங்குவது என்று, கூடக் கொடுத்த சின்னச் சத்து மாத்திரையை மட்டும் ஒரு மாதத்துக்கு மேலாக ஒதுக்கி வைத்திருக்கிறார். கொஞ்ச நாளாகப் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம், தறியில் உட்கார்ந்தால் காலுக்கு மிதி சரியாகத் தெரியவில்லையாம். எந்த லேபை நம்புவது? மாத்திரையை நிறுத்தலாமா? துணைக்காரணி என்றால் என்ன?"

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் இரண்டு விஷயம். மற்றதை அப்புறம் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

காசநோய் மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். பெரியப்பா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் 47 என்பது மருந்தை நிறுத்துகிற எண் இல்லை. வாந்தி, பசியின்மை, கண் மஞ்சளாவது போன்ற அறிகுறிகளோடு எஸ்.ஜி.பி.டி. இயல்பின் மேல் எல்லையைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால், அல்லது அறிகுறியே இல்லாமல் ஐந்து மடங்கைத் தாண்டினால்தான் மருந்தை நிறுத்திவைப்பது பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். மேல் எல்லை 40 என்று வைத்துக்கொண்டால் 120, 200 என்று கணக்கு வரும். அப்போதும் அந்த முடிவு மருத்துவருடையது, வீட்டில் எடுப்பது கிடையாது. பாதியில் விட்ட காசநோய், மருந்துக்கு மசியாத கிருமியோடு திரும்பி வர வாய்ப்பு உண்டு. மூன்று மாதம் அப்பா பட்ட பாட்டை வீணாக்க வேண்டாம்.

இரண்டாவது, நாளைக் காலையிலேயே அவரைக் காசநோய்ப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எஸ்.ஜி.பி.டி.க்காகச் சொல்லவில்லை, பாதத்துக்காகச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி, "மிதி சரியாகத் தெரியவில்லை" என்பதுதான். நீங்கள் அதைக் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி.

நான் மருந்து எழுதிக் கொடுக்கிற மருத்துவர் இல்லை. வேலூரில் ஒரு மருத்துவமனையின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் 26 வருடமாக இருப்பவள். ரத்தத்தில் நொதிகளை அளப்பதுதான் என் வேலை. அதனால் உங்கள் அப்பாவின் இரண்டு ரிப்போர்ட்டும் பாதத்தில் ஊரும் எறும்பும் எப்படி ஒரே கதை என்று சொல்ல முடியும்.

படத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற வரிக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். குடியாத்தம் ரிப்போர்ட்டில் 'பி5பி இல்லாமல்' என்றும் வேலூர் ரிப்போர்ட்டில் 'பி5பி உடன்' என்றும் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. பி5பி என்பது பைரிடாக்சால் ஐந்து பாஸ்பேட். வைட்டமின் பி6 உடம்புக்குள் போய் எடுத்துக்கொள்ளும் வேலைசெய்யும் உருவம் அது. அப்பா ஒதுக்கி வைத்திருக்கும் அந்தச் சின்ன மாத்திரையும் அநேகமாக பி6தான், பைரிடாக்சின் என்று அட்டையில் எழுதியிருக்கும். எடுத்துப் பாருங்கள்.

இப்போது பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னதற்கு வருகிறேன். அவன் சொன்னதில் முதல் பாதி சரி.

நொதி என்பது பெரும்பாலும் புரதம். உடம்பில் நடக்கும் வேதிவினைகளைப் பல மடங்கு வேகமாக்குவது அதன் தொழில். ஆனால் புரதத்தைக் கட்டுகிற இருபது அமினோ அமிலங்களின் கைகளால் செய்ய முடியாத காரியங்கள் சில இருக்கின்றன. எலக்ட்ரானை வாங்கிக் கொடுப்பது, ஓர் அமினோத் தொகுதியைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பது, ஒரு நீர் மூலக்கூறைக் கூர்தீட்டி வினைக்கு அனுப்புவது, இப்படி. அதற்கெல்லாம் புரதம் வெளியிலிருந்து ஒரு துணையைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தத் துணை துத்தநாகம், மக்னீசியம், இரும்பு, தாமிரம் போன்ற உலோக அயனியாக இருக்கலாம். அல்லது வைட்டமின்களிலிருந்து உடம்பு செய்துகொள்ளும் சிறு மூலக்கூறாக இருக்கலாம், இதைத் துணைநொதி என்பார்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பெயர் துணைக்காரணி.

வேலூர்க்காரர்களுக்கு ஒரு பழைய பேச்சு தெரியும், ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கோபுரம் இருந்தது, யாளித் தூண்கள் செதுக்கிய கல்யாண மண்டபம் இருந்தது, கருவறையும் இருந்தது. பல தலைமுறைகளாக உள்ளே லிங்கம் மட்டும் இல்லை. 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து கொண்டுவந்து வைத்த பிறகுதான் அங்கே மறுபடி விளக்கு எரிந்தது, பூசை நடந்தது. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது நான் இதைத்தான் சொல்வேன். துணைக்காரணி இல்லாத நொதி, வெளியிலிருந்து பார்த்தால் முழுசாகத்தான் இருக்கும். மடிப்பெல்லாம் சரியாக இருக்கும். வினை நடக்கிற இடம் மட்டும் வெறுமையாக இருக்கும்.

இதை முதலில் கண்டுபிடித்த விதம் எனக்கு இன்றைக்கும் பிடித்த ஒன்று. இங்கிலாந்தில் ஆர்தர் ஹார்டன், வில்லியம் யங் என்ற இருவர் 1906இல் ஈஸ்ட்டைப் பிழிந்து எடுத்த சாறைப் பரிசோதித்தார்கள். அந்தச் சாறு சர்க்கரையை நொதிக்க வைக்கும். அதை ஜெலட்டின் தோய்த்த வடிகட்டியில் அழுத்தி வடித்தபோது இரண்டு பங்காகப் பிரிந்தது. பெரிய மூலக்கூறுகள் மேலே தங்கின, சின்னவை வடிந்தன. மேலே தங்கியதைத் தனியாகச் சர்க்கரையில் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. வடிந்ததைப் போட்டாலும் நடக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வந்தது. அதைவிட முக்கியம், வடிந்த பங்கைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றினாலும் வேலை செய்தது. புரதமாக இருந்தால் கொதித்ததும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கெட்டுப்போயிருக்கும். ஆகவே அது புரதம் இல்லாத வேறொரு சின்னப் பொருள் என்று தெரிந்தது. அந்த வடிநீரில் இருந்த முக்கியமான துணைநொதிதான் இன்று என்.ஏ.டி. என்று நாம் அழைப்பது. ஹார்டனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது, ஹான்ஸ் வான் ஆய்லர்-செல்பினோடு பகிர்ந்து.

சரி, எஸ்.ஜி.பி.டி.க்கு வருவோம். உங்கள் வீட்டில் தறி இருப்பதால் இதை எளிதாகச் சொல்லிவிடலாம்.

எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதி. அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அமினோத் தொகுதியை எடுத்து ஆக்சோகுளூட்டாரேட் என்ற வேறொரு மூலக்கூறுக்குக் கொடுப்பது அதன் வேலை. ஆனால் அது தானாக எடுத்துக் கொடுக்காது. அதன் நடுவில் பி5பி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் நாடா, தறியில் ஊடை நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டு ஓடுமே, அது. அலனின் பக்கம் போய் அமினோத் தொகுதியை வாங்கிக்கொள்ளும். அலனின் பைருவேட்டாக மாறி விலகும். அப்புறம் எதிர்ப்பக்கம் வந்து, வாங்கியதை ஆக்சோகுளூட்டாரேட்டிடம் கொடுத்துவிட்டுப் பழையபடி ஆகிவிடும். ஒரு போக்கு, ஒரு வரத்து. தறி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பாவு எவ்வளவு நேர்த்தியாகப் பூட்டியிருந்தாலும், நாடா இல்லாவிட்டால் ஒரு இழைகூட ஏறாது. அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்.

கல்லீரல் செல்கள் அடிபட்டால் இந்த நொதி ரத்தத்துக்குள் கசியும். அதை அளந்துதான் ஈரலுக்கு என்ன ஆகிறது என்று ஊகிக்கிறோம். ஆனால் நாங்கள் அளக்கும் விதத்தைப் பொதுவாக யாருக்கும் சொல்வதில்லை, ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் போட்டுவிடுகிறோம். சர்க்கரை எத்தனை மில்லிகிராம் என்று எண்ணுவது போல எஸ்.ஜி.பி.டி. எத்தனை இருக்கிறது என்று நாங்கள் எண்ணுவதில்லை. அது ஒரு நிமிடத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கிறோம். ஒரு தெருவில் எத்தனை தறி இருக்கிறது என்பதை, உள்ளே போய் எண்ணாமல், ஒரு மணி நேரத்தில் எத்தனை முழம் துணி வந்தது என்பதை வைத்துக் கணக்கிடுவது மாதிரி. 34 என்றால், ஒரு லிட்டர் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீரில், உள்ள நொதி, சொன்ன நிலைமைகளில், நிமிடத்துக்கு 34 மைக்ரோமோல் அளவு வினையை நடத்தியது என்று பொருள்.

அந்த வேலையைப் பார்ப்பதற்கும் ஒரு துணைநொதிதான் உதவுகிறது. வினையில் பைருவேட் வருகிறது அல்லவா, அதை லாக்டேட்டாக மாற்ற நாங்களே ஒரு நொதியையும் என்.ஏ.டி.எச். என்ற துணைநொதியையும் ரீஏஜென்டில், அதாவது சோதனைக்கு ஊற்றும் வேதிக் கலவையில், சேர்க்கிறோம். என்.ஏ.டி.எச். 340 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உறிஞ்சும். அது செலவாகி என்.ஏ.டி. ஆனதும் உறிஞ்சாது. ஒளி எவ்வளவு வேகமாகக் கூடுதலாகக் கடந்து வருகிறது என்று கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். பி5பி நாடா என்றால் இந்த என்.ஏ.டி.எச்., நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய தார் மாதிரி. நூல் தீர்ந்ததும் வெளியே எடுத்து மறுபடி சுற்ற வேண்டும். நாடா தறியோடு இருக்கும், தார் வந்து போகும். துணைநொதிகளில் இந்த இரண்டு வகையும் உண்டு. சில நொதியோடு ஒட்டியே இருக்கும். சில ஒவ்வொரு சுற்றுக்கும் வந்து செலவாகி, வேறொரு இடத்தில் புதுப்பித்துக்கொண்டு திரும்பும்.

இப்போது இரண்டு லேபுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்கும். குடியாத்தத்தில் பயன்படுத்திய ரீஏஜென்டில் பி5பி இல்லை. அப்பாவின் ரத்தத்தில் நாடாவோடு வந்த நொதிகள் மட்டும் நெய்தன. நாடா இல்லாத தறிகளும் அந்தக் குழாயில் இருந்தன, ஆனால் சும்மா நின்றன. வேலூரில் ரீஏஜென்டிலேயே பி5பி சேர்த்திருக்கிறார்கள். சும்மா நின்றவற்றுக்கும் நாடா கிடைத்தது, அவையும் ஓடின. அதனால் 47. எஸ்.ஜி.பி.டி. தினத்துக்குத் தினம் கொஞ்சம் ஏறி இறங்குவதும் இயல்பு, அதுவும் இந்த வித்தியாசத்தில் கலந்திருக்கும்.

ஆகவே யாரும் ஏமாற்றவில்லை, யாரும் தவறவும் இல்லை. எது சிறந்தது என்று கேட்டால், பி5பி சேர்ப்பதுதான் சரியான முறை என்பது என் தெளிவான கருத்து. சர்வதேச மருத்துவ வேதியியல் கூட்டமைப்பு அளவுகோலாக வகுத்த முறையும் அதைச் சேர்க்கத்தான் சொல்கிறது. சேர்த்தால் ரீஏஜென்டின் விலை கூடும், கரைத்து வைத்த பின் தாங்கும் நாளும் குறையும். அதனால் சின்ன லேபுகள் சேர்க்காத கிட்டை வாங்குகின்றன. பி6 போதுமான அளவு இருக்கும் ஆட்களிடம் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பி6 குறைந்தவர்களிடம்தான் எண் உண்மையைவிடக் கீழே காட்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், நீண்ட நாள் குடிப்பழக்கம் உள்ளவர்கள், அப்புறம் உங்கள் அப்பா மாதிரி ஐசோனியாசிட் சாப்பிடுபவர்கள்.

இந்த ஐசோனியாசிட் பற்றித்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா தினமும் விழுங்கும் கூட்டு மாத்திரையில் இருக்கும் மருந்துகளில் அது ஒன்று. 1952இல் காசநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது. காசநோய்க் கிருமியின் செல் சுவரைக் கட்ட விடாமல் தடுக்கும் அருமையான மருந்து. ஆனால் அதன் வேதியியல் அமைப்பில் ஒரு குணம் இருக்கிறது. பி6இன் பைரிடாக்சால் உருவத்தைக் கண்டால் அதோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது சிறுநீரில் வெளியேறிவிடும். மிச்சம் இருக்கும் பி6ஐ பி5பி ஆக மாற்றும் நொதியின் வேலைக்கும் இடைஞ்சல் செய்யும். தெருவுக்குள் வரும் நாடாக்களை ஒருவர் வாசலிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவது மாதிரி.

பி5பி வேண்டியது எஸ்.ஜி.பி.டி.க்கு மட்டும் என்றால் பரவாயில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட வினைகளுக்கு அது வேண்டும். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளைச் செய்யும் நொதிக்கு வேண்டும். ரத்தத்தின் சிவப்புக்கு அடிப்படையான ஹீமைச் செய்யும் முதல் படிக்கு வேண்டும். நரம்புகளுக்கு வேண்டும். அது குறைந்தால் உடம்பிலேயே மிக நீளமான நரம்புகளின் நுனி, அதாவது பாதம், முதலில் புகார் சொல்லும். எறும்பு ஊர்தல், எரிச்சல், மரத்துப்போதல். அப்பா சொன்னதெல்லாம் அதுதான்.

இதனால்தான் சின்ன மாத்திரையைக் கூடவே கொடுக்கிறார்கள். அதைச் சத்து மாத்திரை என்று வீட்டில் எல்லோரும் சொல்வதில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. சத்து என்றால் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடிவிடும் என்று மனசு எடுத்துக்கொள்கிறது. உங்கள் அப்பாவுக்கு அது ஐசோனியாசிட் எடுத்துக்கொண்டு போவதை ஈடுகட்டும் மருந்து. சென்னையில் இருந்த காசநோய் வேதிசிகிச்சை மையத்தில், 1960களிலேயே, நம் தமிழ்நாட்டு நோயாளிகளிடம் இதைப் பரிசோதித்தார்கள். சில மில்லிகிராம் பைரிடாக்சின் கொடுத்தாலே இந்த நரம்புத் தொல்லையைத் தடுக்க முடியும் என்று அப்போதே தெரிந்தது. இன்று வழக்கமாகக் கொடுப்பது தினம் 10 மில்லிகிராம்.

துணைக்காரணியைப் பறிகொடுத்த நொதி என்ன ஆகும் என்பதை நான் என் கண்ணால் பார்த்தது வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில். வெளியூர் லேப் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணின் சீரம் வந்தது. ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஏறக்குறைய இல்லை, கால்சியம் பயங்கரமாகக் குறைவு, பொட்டாசியமோ இதயம் நின்றுவிடும் அளவுக்கு அதிகம். அந்தப் பெண்ணோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை நடுங்கியது. என் மேலதிகாரி ஒரு நிமிடம் அந்த எண்களைப் பார்த்துவிட்டு, ஊதா மூடிக் குழாயிலிருந்து ஊற்றியிருப்பார்கள், மறுபடி ரத்தம் எடு என்றார். எடுத்தோம். எல்லாம் இயல்பாக இருந்தது.

ஊதா மூடிக் குழாயில் ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கும், அதிலும் பொட்டாசியம் சேர்ந்த உப்பு. உலோக அயனிகளைக் கவ்விப் பிடிப்பது அதன் குணம். ரத்தம் உறைய வைக்கும் நொதிகளுக்குக் கால்சியம் வேண்டும். அதைக் கவ்விக்கொண்டால் ரத்தம் உறையாது, அணுக்களை எண்ணலாம். ஆனால் அதே குழாயிலிருந்து ஆல்கலைன் பாஸ்படேஸ் பார்த்தால், அந்த நொதிக்கு வேண்டிய துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் ஈ.டி.டி.ஏ. உருவிவிடும். நொதி அங்கேயே இருக்கும், அளவும் குறையாது, ஆனால் வேலை நின்றுவிடும். சர்க்கரைக்கு எடுக்கும் சாம்பல் மூடிக் குழாயிலும் இதே தந்திரம்தான். அதில் இருக்கும் ஃபுளூரைடு, இனோலேஸ் என்ற நொதியின் மக்னீசியத்தைக் கட்டிப்போடும். ரத்த அணுக்கள் குழாய்க்குள் உட்கார்ந்து சர்க்கரையைத் தின்றுகொண்டே இருப்பதை அது நிறுத்தும். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது அந்த வண்ண மூடிகளைப் பாருங்கள். பாதி மூடிகளுக்குப் பின்னால் ஒரு துணைக்காரணியின் கதை இருக்கிறது.

அப்படியானால் பி காம்ப்ளெக்ஸை இரட்டிப்பாகக் கொடுத்தால் என்ன? தம்பி சொன்ன இரண்டாவது பாதிக்கு வருகிறேன். அங்கேதான் அவனோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு தறிக்கு ஒரு நாடாதான். எல்லா இடமும் நிரம்பிய பிறகு இன்னும் பத்து நாடாவைக் கொண்டுவந்து போட்டாலும் துணி வேகமாக வராது. கூடுதல் பி6 பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். அதோடு முடிந்தால் காசு மட்டும்தான் நஷ்டம். ஆனால் பி6 அளவு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். தினம் 2 முதல் 6 கிராம் வரை பல மாதங்கள் சாப்பிட்ட ஏழு பேருக்குக் கால் மரத்து, நடை தள்ளாடியதை 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரமாகப் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகு, அதைவிடக் குறைந்த அளவை நீண்ட நாள் எடுத்தவர்களிடமும் இது காணப்பட்டது. குறைந்தாலும் பாதம் மரக்கும், மிகுந்தாலும் பாதம் மரக்கும். கடைகளில் 3 மில்லிகிராம் உள்ள மாத்திரையும் இருக்கிறது, 100 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, அட்டையைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அதனால் கடையில் கேட்டு வாங்கி நீங்களாகவே ஈடுகட்ட வேண்டாம். நரம்புத் தொல்லை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டால் மருத்துவர் தடுப்பு அளவைவிடக் கூட்டித் தருவதும் உண்டு. எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவர் சொல்லட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதத்தில் எறும்பு ஊர்ந்தால் அது பி6தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஐசோனியாசிட் சாப்பிட்டு, பைரிடாக்சினை ஒரு மாதமாக விட்டவருக்கு அதுதான் முதல் சந்தேகம். ஆனால் சர்க்கரை நோயும் இதையே செய்யும். பி12 குறைவும் செய்யும். சர்க்கரையும் காசநோயும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது நம் பக்கம் சாதாரணம். சிகிச்சை தொடங்கும்போது சர்க்கரை பார்த்திருப்பார்கள், அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். பி12 பற்றி நம் வட ஆற்காட்டுக்கு ஒரு பழைய அனுபவமே இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோய் கொள்ளையாகப் பரவியது. குடல் சத்தை உறிஞ்ச முடியாமல் போனது. நோயாளிகளைச் சோதித்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் ஃபோலேட்டும் பி12உம் உடம்பில் ஏறாமல் போவதை விவரமாக ஆராய்ந்தார்கள். இரண்டுமே துணைநொதிகளாகும் வைட்டமின்கள். சாப்பாடு குறைந்துதான் துணைக்காரணி குறைய வேண்டும் என்பதில்லை. ஒருவருக்குக் குடல் உறிஞ்சாது, இன்னொருவருக்கு மருந்து எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

சாப்பாட்டில் பி6 எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கொண்டைக்கடலை, மீன், கோழி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம். கொண்டைக்கடலைச் சுண்டல் வாரத்துக்கு மூன்று நாள் செய்து கொடுங்கள், புரதமும் சேரும். காசநோயாளிகளுக்கு அரசு வங்கிக் கணக்கில் போடும் சத்துணவுத் தொகை அப்பாவுக்கு வருகிறதா என்றும் காசநோய்ப் பிரிவில் கேளுங்கள், அவருடைய உரிமை அது. ஆனால் ஐசோனியாசிட் சாப்பிடும் வரை சுண்டலை நம்பி மாத்திரையை விடக்கூடாது.

நாளை போகும்போது இரண்டு ரிப்போர்ட்டும், மாத்திரை அட்டைகள் எல்லாமும், ஒதுக்கி வைத்த மாத்திரைகளும் பையில் இருக்கட்டும். எத்தனை நாள் விட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அப்பா கூச்சப்படுவார், திட்டுவார்களோ என்று. ஒரு மாதம் விட்டது தெரியாவிட்டால் மருத்துவர் வேறு காரணம் தேடி வேறு டெஸ்ட் எழுதுவார், நாள்தான் போகும். பார்வை மங்கல், நிறம் மாறித் தெரிவது ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். கூட்டு மாத்திரையில் எத்தாம்பியூட்டால் இருக்கும், அது கண் நரம்பைத் தொடுகிற மருந்து. சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசினின் நிறம், அதற்குப் பயப்பட வேண்டாம். கண் வெள்ளை மஞ்சளானால், சோறு கண்டாலே குமட்டினால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.

இனி எஸ்.ஜி.பி.டி. பார்ப்பதென்றால் ஒரே லேபில் பாருங்கள். வேலூர் வரை பஸ் ஏறி வர முடியும் என்றால் பி5பி சேர்க்கும் லேபைத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் குடியாத்தத்து லேபே போதும், ஒரே முறையில் எடுத்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஏற்றம் இறக்கம் தெரிந்துவிடும். அப்போது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பைரிடாக்சினை மறுபடி ஆரம்பித்த பிறகு, பி5பி சேர்க்காத அந்த லேபில் எண் 34இலிருந்து கொஞ்சம் மேலே போகலாம். 42, 45 என்று வந்தால் பெரியப்பா மறுபடி ஆரம்பிப்பார். சும்மா நின்ற தறிகளுக்கு நாடா கிடைத்திருக்கிறது, அதனால் எண் ஏறியது என்று அவரிடம் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டும்போதும், நடுவில் பி6 விட்டுப்போய் மறுபடி ஆரம்பித்ததைச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவருக்குப் பெரிய உதவி.

இரண்டு மாதம் கழித்து அப்பாவுக்கு மிதி தெரிகிறதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.